சட்டமிட்ட கோட்டை: ஒரு செதுக்குப் படத்தை நோக்கும் முறை பற்றி

யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு படம் அடிக்கடி கண்ணிற்படுகின்றது. விடுதிகளின் வரவேற்பறையிலும் அலுவலகச் சுவரிலும் நாட்காட்டித் தாளிலும் அதனை நான் கண்டிருக்கிறேன். கடலோரத்தில் ஒரு கோட்டை. அதன் மூலைகளிற் கொத்தளங்கள். புறத்தே ஒரு பட்டினம். பழைய செப்புத் தகட்டுச் செதுக்குப் படம் ஒன்றின் மறுபிரதி அது. சில பிரதிகளில் வண்ணமும் தீட்டப்பட்டிருக்கும். கீழே பெரும்பாலும் ‘பழைய யாழ்ப்பாணம்’ என்ற இரு சொற்கள் மாத்திரமே இருக்கும்.

அண்மையில் அப்படத்தின் முன்னே நண்பர் ஒருவருடன் நின்றேன். “பாருங்கோ, எங்கட கோட்டை எவ்வளவு வடிவு!” என்றார் அவர். எம்முடன் நின்ற முதிய ஆசிரியர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அந்நியன் கீறின படம். அதை ஏன் நாங்கள் மாட்டிவைச்சுக் கொண்டாடவேணும்?” என்பது அவருடைய வினா. இருவரும் கற்றவர்கள், இருவரும் இம்மண்ணை நேசிப்பவர்கள். ஆனால் இருவருள் எவரும் படத்தைப் பார்க்கவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு. ஒருவர் படத்தினூடாகத் தாம் விரும்பும் ஒரு கோட்டையைக் கண்டார். மற்றவர் படத்தைக் கீறியவனின் கொடியைக் கண்டார். சட்டத்தினுள் இருந்த தாளும் கோடுகளும் இருவர் கண்ணுக்கும் தப்பின.

புகழ்பெற்ற கட்டடம் ஒன்றைச் சித்திரிக்கும் ஓவியத்தை எங்ஙனம் சுவைப்பது என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கான வினா எனச் சிலர் கருதலாம். வேறு நாட்டில் அஃது அவ்வாறிருக்கவுங்கூடும். கட்டடங்கள் பல இடிந்து, அவற்றின் படங்கள் மாத்திரம் எஞ்சியுள்ள ஒரு குடாநாட்டில் அவ்வாறன்று. இங்கே படத்தைத் தவறாக நோக்குதல் வரலாற்றைத் தவறாக நோக்குதலாகும்.

1

முதலில், அப்படம் யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்த மதகுரு, 1658இல் றைக்லொப் வான் கூன்ஸ் தலைமையில் யாழ்ப்பாணத்தின் மீது வந்த ஒல்லாந்தப் படையுடன் வந்தவர். அப்படை மாதக்கணக்காக முற்றுகையிட்டு, அவ்வாண்டு யூன் மாதத்திற் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியது. அதன்பின் பல ஆண்டுகள் பல்தேயஸ் இங்கே சமயப்பணி புரிந்தார். நாடு திரும்பியபின் அவர் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றை விவரிக்கும் அந்நூலிற் செப்புத் தகட்டுப் படங்கள் பல உள்ளன. யாழ்ப்பாணப் பட்டினமும் கோட்டையும் காட்டப்படும் படம் அவற்றுள் ஒன்று. குடாநாட்டின் பங்குகள்தோறும் இருந்த தேவாலயங்களின் படங்களும் அதில் உண்டு.

இனி, நண்பரின் கூற்றுக்கு வருவோம். ‘எங்கட கோட்டை’ என அவர் கருதியது பண்ணைக் கடலோரத்தில் இன்று நாம் காணும் கோட்டையை. ஆனால் படத்திலுள்ள கோட்டை அதுவன்று. படத்திலுள்ளது போர்த்துக்கேயர் கட்டிய நாற்சதுரக் கோட்டை. இன்று நிற்பதோ, அதனை இடித்து ஒல்லாந்தர் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை. அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீஸ்லாந்து எனத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே அவர்கள் இட்டனர். அதன் உட்கோட்டை வேலை 1680இலும், வெளியரண் வேலை 1792இலும் நிறைவெய்தின. நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிய அவ்வரண் மூன்றே ஆண்டுகளில், 1795இல், எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஆகவே, நான்கு மூலைகளையும் ஐந்து மூலைகளையும் எண்ணிப் பார்த்திருந்தாலே நண்பர் தம் கூற்றைத் திருத்திக்கொண்டிருப்பார். கலைச்சுவைப்பு என்பது மூலைகளை எண்ணுவதில் தொடங்குகின்றது என்று நான் சொன்னால் நகைப்பவர்கள் இருக்கலாம். ஆயினும், எண்ணாதவன் காணவில்லை. காணாதவன் சுவைத்ததாகச் சொல்வது வெறும் உபசார வார்த்தை.

2

அடுத்து, அப்படம் ஆக்கப்பட்ட முறையை நோக்குதல் வேண்டும். கட்டடத்தைச் சித்திரிக்கும் படமொன்றைப் பற்றிப் பேசும் எம்மவர் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே பேசிவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். எவர் கட்டினார், எப்போது கட்டினார், எவ்வளவு உயரம் என்பவற்றைச் சொல்லிவிட்டால் ஓவியத்தை விளக்கியாயிற்று என்று கருதுகின்றனர். ஓவியன் எங்கே நின்றான், எதைத் தெரிந்தான், எதை விட்டான் என்ற வினாக்கள் எழுவதேயில்லை.

இப்படத்தை வரைந்த கண் எங்கே நிற்கின்றது? வானத்தில். பறவை நோக்கிற் கோட்டையும் தெருக்களும் கடலும் ஒருங்கே விரிகின்றன. யாழ்ப்பாணமோ மலையற்ற சமதரை. இவ்வாறு ஒரு காட்சியைக் காண்பதற்கு ஏறி நிற்க இங்கே குன்றொன்றில்லை. பதினேழாம் நூற்றாண்டில் எந்த மனிதனும், ஒல்லாந்தனாயினும் தமிழனாயினும், இக்கோட்டையை இவ்வாறு கண்டதில்லை. நில அளவையாளனின் கணக்கும் படைத்தலைவனின் தேவையும் கூடி ஆக்கிய பார்வை அது. ஓரிடத்தை மேலிருந்து முழுமையாகக் காண்பது அதனை ஆள்வதற்கான முதற்படி. கரையூர் மீனவன் தன் தோணியிலிருந்து கண்ட கோட்டை இவ்வாறிராது. அவனுக்கு அது வானத்தை மறைத்த ஒரு சுவர்.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இலங்கையில் வரையப்பட்ட குறிப்புப்படம் அம்ஸ்ரடாமுக்குச் சென்று, அங்கே செதுக்குத் தொழிலாளர் கையிற் செப்புத் தகட்டில் இறங்குகின்றது. அவர்களின் தொழிற்றிறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சிற் படம் இடவலமாக மாறும் என்பதறிந்து, தகட்டிலே மறுதலையாகச் செதுக்கவேண்டும். வண்ணமில்லை, சாயலைப் பூசும் தூரிகையில்லை. கோடு ஒன்றே கருவி. நெருங்கிய கோடுகள் நிழலாகவும் விலகிய கோடுகள் ஒளியாகவும் மாறவேண்டும். இக்கட்டுப்பாட்டினுள்ளே மதிலுக்குக் கனத்தையும் கடலுக்குப் பரப்பையும் தந்த கைகளைப் பாராட்டாதவன் கலையை அறியாதவன். ஆனால் அக்கைகளுக்குரியவர்கள் பனையைக் கண்டறியார்; முருகைக்கல்லைத் தொட்டறியார்; பங்குனி வெயிலிற் சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூசச் செய்வதையும் அறியார். இங்குள்ள ஒளி அப்படத்தில் இல்லை. இருப்பது அம்ஸ்ரடாம் பட்டறையின் ஒளி. மறுபிரதிகளிற் காணும் வண்ணமோ, கறுப்பு மையில் அச்சாகிய தாளின்மீது எவரோ தம் இரசனைக்கேற்பப் பின்னர்ச் சேர்த்தது. அவ்வண்ணத்தைக் கண்டு ‘அக்காலக் கடல் எவ்வளவு நீலம்’ என்று வியப்பது பேதைமை.

நூலாசிரியரையும் முற்றாக நம்பிவிடுதல் தகாது. பல்தேயசின் நூலில் எமது தெய்வங்களைப் பற்றிய பகுதி பெரிதும் யேசுசபைத் துறவி பெனீசியோவும் ஒல்லாந்தரான பிலிப் ஏஞ்சலும் முன்னரே எழுதிவைத்த கையெழுத்துப் படிகளிலிருந்து பெறப்பட்டது என்பதை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் நிறுவியுள்ளனர். பல கைகள் கூடித் தைத்த நூல் அது. அதிலுள்ள படத்தைக் கண்ணாற் கண்ட சாட்சியாக மாத்திரம் கொள்வோர் இதனையும் கருத்திற்கொள்ளவேண்டும்.

3

‘அழகு அழகுதானே, அதில் ஏன் அரசியலைக் கலக்கின்றீர்?’ என்று கேட்போர் உளர். இவ்வினா பார்வைக்கு நியாயமானது. ஆயினும் கட்டட ஓவியம் மலரின் ஓவியத்தைப் போன்றதன்று. கட்டடம் ஒரு செயலின் விளைவு. கல்லைப் பெயர்த்தவன், சுமந்தவன், சுண்ணாம்பு சுட்டவன், கட்டளையிட்டவன் ஆகிய அனைவரும் அதில் உளர். ஓவியம் அவர்களுள் எவரைக் காட்டுகின்றது, எவரை மறைக்கின்றது என்பது அதன் அழகின் பகுதியே.

யாழ்ப்பாண அரசு 1619இல் பிலிப் த ஒலிவேறாவின் படையிடம் வீழ்ந்தது. அரசன் சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அக்கோயிலின் கற்கள் கடற்கரையில் எழுந்த கோட்டைக்குச் சென்றன என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. சோழர் காலக் கல்வெட்டு ஒன்று கோட்டையினுள்ளிருந்து படிக்கப்பட்டிருப்பது, பழைய வழிபாட்டிடங்களின் கற்கள் அங்கே சேர்ந்தமைக்குச் சான்றாக நிற்கின்றது. ஆகவே அம்மதில் கல்லினால் மாத்திரம் ஆனதன்று. பெயர்க்கப்பட்ட கல்லினால் ஆனது.

செதுக்குப் படத்தில் மதில் வழுவழுப்பாக, ஒரே சீராக, தன்னிலே தோன்றியதுபோல் நிற்கின்றது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வேறுபாடில்லை. ஓவியத்தின் இவ்வொழுங்கே கண்ணுக்கு இன்பந் தருகின்றது. அதே ஒழுங்குதான் கோயிற் கல்லையும் கடற்கல்லையும் ஒன்றாக்கி, இடிப்பை மறைத்துக் கட்டுதலை மாத்திரம் காட்டுகின்றது. இன்பமும் மறைப்பும் ஒரே கோட்டிலிருந்து பிறக்கின்றன. இதனை உணர்ந்தவன் படத்தை முன்னிலும் கூர்மையாகச் சுவைப்பான். உணராதவன் விளம்பரத் தாளைச் சுவைப்பதுபோற் சுவைக்கின்றான்.

எம்மவரான ஆனந்த குமாரசுவாமி வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியது இதனைச் சார்ந்ததே. கலைப்பொருளின் முன் நின்று உணர்ச்சிவயப்படுவது போதாது. அது எதற்காக, எவருக்காக ஆக்கப்பட்டது என்பதை அறிவதே அதனைச் சுவைக்கும் வழி என்பது அவர் நிலைப்பாடு. மேனாட்டு நூதனசாலைகளை நோக்கி அவர் எழுப்பிய அவ்வினாவை எமது வரவேற்பறைகளை நோக்கி நாமும் எழுப்பவேண்டியுள்ளது. பல்தேயசின் படம் எவருக்காக ஆக்கப்பட்டது? கீழைத்தேய வாணிபத்தில் அக்கறை கொண்ட ஒல்லாந்தத் தனவந்தருக்காக. தம் படையும் சபையும் வென்றெடுத்த இடம் இது என்று அவர்கள் தம் வீட்டிலிருந்தே கண்டு மகிழ்வதற்காக. அம்மகிழ்ச்சியை, முந்நூற்றைம்பது ஆண்டுகளின் பின், வெல்லப்பட்ட ஊரின் மக்கள் தமது மகிழ்ச்சியாக எண்ணிச் சுவரில் மாட்டுவது விந்தையிலும் விந்தை.

4

இதுகாறும் கூறியதைக் கேட்டு முதிய ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். ‘நானும் அதைத்தானே சொன்னேன், தூக்கி எறியுங்கள்’ என்பார். அவருடன்தான் எனது வழக்கு இன்னும் கடுமையானது. முன்னையவர் அறியாமையால் தவறினார். இவரோ அறிந்துகொண்டே கண்ணை மூடுகின்றார்.

அந்நியன் கீறினான் என்பதற்காக அப்படங்களை எறிந்துவிட்டால் எம் கையில் எஞ்சுவது யாது? அந்நூலிலுள்ள தேவாலயப் படங்களை எடுத்துக்கொள்வோம். வட்டுக்கோட்டைத் தேவாலயம் அதில் உண்டு. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது பாழடைந்து கிடந்த அதனை அவர்கள் திருத்தினர். 1823இல் அதன் அயலிலேயே செமினரி தொடங்கினர். பின்னாளில் எமது கல்வி வரலாற்றைத் திசைதிருப்பிய அந்நிறுவனத்தின் வாயிலில் நின்ற கட்டடம் பதினேழாம் நூற்றாண்டில் எவ்வாறு காட்டப்பட்டது என்பதை அறிய அப்படமே எமக்குண்டு. சங்கானைத் தேவாலயமும் அதில் உண்டு. இன்று அங்கே முருகைக்கற் சுவர்களின் இடிபாட்டையே காணலாம். படத்தைக் கையிற்கொண்டு அவ்விடிபாட்டின் முன் நிற்கும் மாணவன் கூரை எவ்வாறு இருந்திருக்கலாம் என்று சிந்திக்க முடியும்; எது பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை என்று வாதிட முடியும். படமில்லாதவனுக்கு அது வெறும் கற்குவியல்.

மயிலிட்டித் தேவாலயத்தின் படமும் அந்நூலில் உண்டு. இதனைச் சற்று நின்று சிந்திக்குமாறு வேண்டுகிறேன். 1990இல் மயிலிட்டி மக்கள் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். துறைமுகமும் அதன் அயலும் 2017இலேயே விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகளின் பின் திரும்பிச் சென்றோரிற் பலர் தம் வீடு நின்ற இடத்தைக் கிணற்றை வைத்தும் மரத்தை வைத்தும் அடையாளங்காண முயன்றனர். ஓடிய அவசரத்தில் உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தவர்கள், வீட்டின் படமொன்றை எடுத்துச்செல்ல நினைக்கவில்லை. பலரிடம் அப்படியொரு படம் இருக்கவுமில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஒரு பாதிரியாரின் நூலில் மயிலிட்டியின் கட்டடம் ஒன்று உயிருடன் இருக்கின்றது. நேற்றுவரை அங்கே வாழ்ந்தவர்களின் வீடுகளோ தாளிலும் இல்லை, தரையிலும் இல்லை. இக்கொடுமைக்கு ‘அந்நியன் படம் வேண்டாம்’ என்பது விடையாகுமா? எம்மைப் பிறர் கீறினர் என்பது எமக்கு இழுக்கன்று. எம்மை நாமே கீறவில்லை என்பதே இழுக்கு.

கோட்டையினுள்ளே நின்ற ஒல்லாந்தத் தேவாலயத்தின் கதியும் இதனையே உணர்த்துகின்றது. மாட்டினஸ் லூசெகாம் என்பவரின் அமைப்பில், சிலுவை வடிவில், 1706இல் எழுந்த கட்டடம் அது. அதிலே தொங்கிய மணியொன்று 1648ஆம் ஆண்டையும் போர்த்துக்கேயரின் அற்புத மாதா கோயிலின் பெயரையும் தாங்கியிருந்தது. வென்றவன் தோற்றவனின் மணியை அடித்துத் தன் தொழுகைக்கு ஆட்களை அழைத்தான் என்பதற்கு அதுவே சான்று. 1990இல் நடந்த கோட்டை முற்றுகையோடு அக்கட்டடம் அழிந்தது. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியுடன் கோட்டை மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயம் நின்ற இடத்தில் இன்றைய மாணவன் காண்பது இடிபாட்டை. அதன் தோற்றத்தை அறிய வேண்டுமாயின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையுமே அவன் நாடவேண்டும். அவற்றைச் சேர்த்தவர்களும் ஆராய்ந்தவர்களும் பெரும்பாலும் பிறரே. ஒல்லாந்தர் கால இலங்கைச் சித்திரங்களைத் தொகுத்து ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் வெளியிட்ட பெருநூல் 1988இல் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. கோட்டையைச் சுற்றிப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அக்கோட்டையின் சித்திரங்கள் வேறெங்கோ அமைதியாகத் தொகுக்கப்பட்டன. தொகுத்தவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் அவற்றைத் தமிழில் விளக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிடலாமா?

மேலும், அதே பல்தேயசின் நூலிலேதான் தமிழ் எழுத்துக்களின் வடிவங்கள் ஐரோப்பிய வாசகருக்குச் செதுக்கிக் காட்டப்பட்டன. எமது மொழியின் வரலாற்றை ஆராய்வோர் அவ்வெழுத்துத் தகட்டை ஆவணமாக மகிழ்ந்து ஏற்கின்றனர். எழுத்துக்குரிய மதிப்பு ஓவியத்துக்கு இல்லையென்பது எந்த நியாயம்? சொல்லைக் கற்றோம், காட்சியைக் கற்கவில்லை. எமது பண்டித மரபின் பெருமையும் குறையும் இதுவே.

5

‘அந்நிய ஓவியத்துக்கு மாற்றாகக் கட்டடத்தைச் சித்திரித்த மரபு எமக்கு உண்டா?’ என்று ஒருவர் கேட்கலாம். உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த ஒடுக்கமான நடையில், நாயக்கர் காலச் சுதையின் அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றிலே தில்லையம்பலம் சித்திரிக்கப்பட்டுள்ளது. இராசராசன் தன் தேவியருடன் கூத்தப்பெருமானை வழிபட்டு நிற்கின்றான். ஒரு பெருங்கோயிலின் சுவரில் இன்னொரு பெருங்கோயிலின் ஓவியம்!

இதனைப் பல்தேயசின் படத்தோடு ஒப்புநோக்குக. ஒல்லாந்தன் கோட்டையை வானத்திலிருந்து காண்கின்றான். சோழ ஓவியன் அம்பலத்தைத் தரையில் நின்று, வழிபடுவோன் நிற்கும் இடத்திலிருந்து காண்கின்றான். முன்னவனுக்கு வேண்டியது அளவு. பின்னவனுக்கு வேண்டியது உள்ளிருக்கும் மூர்த்தி. ஆதலால் அவன் கட்டடத்தைத் திறந்து காட்டுகின்றான். அவன் படத்தைக் கொண்டு தில்லையை முற்றுகையிட முடியாது. கட்டடம் ஒன்றைக் காண்பதற்கு இரு வேறு வழிகள் உண்டு என்பதற்கு இவ்விரு படங்களும் போதிய சான்று.

ஆனால் இங்கேயும் நான் மயங்கத் தயாராயில்லை. சோழ ஓவியத்திலும் அரசன் இருக்கின்றான். கல் சுமந்தவன் இல்லை. அதுவும் அரசின் படமே. ஒல்லாந்தனிடம் கேட்ட வினாவைச் சோழனிடம் கேட்கத் தயங்குபவன் ஆராய்ச்சியாளன் அல்லன், வெறும் கட்சிக்காரன். எமது முதிய ஆசிரியர் தில்லை ஓவியத்தின் முன் நின்றாற் கைகூப்புவார். கைகூப்பட்டும், தவறில்லை. கூப்பிய கைகளுக்கு மேலே கண்கள் திறந்திருக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

6

எங்கிருந்து காண்பது என்பது ஒரு வினா; எந்தக் கணத்தைக் காட்டுவது என்பது மற்றொரு வினா. கட்டடம் பல காலம் வாழ்கின்றது. படம் ஒரு கணத்தைப் பற்றிக்கொள்கின்றது. அக்கணத்தைத் தெரிந்தெடுப்பதிலேயே படத்தின் கருத்து அடங்கியுள்ளது. இதனை எமது நகரின் இன்னொரு பெருங்கட்டடத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படங்கள் இன்று எங்கும் உள்ளன. வெண்ணிறக் குவிமாடமும் முன்னால் வீற்றிருக்கும் சரசுவதியும் அஞ்சலட்டைக்கு மிகப் பொருத்தமானவை. 1981 மே 31ஆம் நாள் இரவில் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்து, கரிபடிந்த சுவர்களோடு நின்ற அதே நூலகத்தின் ஒளிப்படங்களும் உள்ளன. கட்டடம் பின்னர் முன்னைய வடிவிலேயே திருத்தப்பட்டது. அவ்வாறு திருத்துவதா, எரிந்த சுவர்களை நினைவுச்சின்னமாக விடுவதா என்ற விவாதம் அந்நாட்களில் எழுந்தமை பலர் அறிந்ததே. நூலகம் மாணவர்க்குத் தேவை. ஆகவே திருத்தியது சரி என்பதே என் கருத்து. ஆனால் கட்டடம் வெள்ளையடிக்கப்பட்டபின், நடந்ததைத் தாங்கும் சுமை முழுவதும் படத்தின் மேல் விழுகின்றது. குவிமாடத்தின் படத்தை மாத்திரம் மாட்டுபவர் தம்மை அறியாமலே இரண்டாவது முறையாக வெள்ளையடிக்கின்றார். இரு படங்களையும் பக்கத்திற் பக்கமாக மாட்டுங்கள். அதுவே அக்கட்டடத்தைக் காட்டும் நேர்மையான வழி.

7

இறுதியாக, செய்யவேண்டியது யாது? குற்றங் கூறுவதோடு நின்றுவிடுவது எளிது; அதனால் எவருக்கும் பயனில்லை.

கட்டடத்தைச் சித்திரிக்கும் எப்படத்தின் முன்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம். ஓவியன் எங்கே நின்றான்? எவருக்காகக் கீறினான்? எதைக் கீறாமல் விட்டான்? இவ்வினாக்கள் சுவையைக் கெடுக்கும் என அஞ்சவேண்டியதில்லை. இராகத்தின் இலக்கணம் அறிந்தவனுக்குப் பாட்டு கசப்பதில்லை.

அடுத்து, எமது பல்கலைக்கழகத்தார்க்கு ஒரு சொல். கலை வரலாற்றைப் பாடமாகக் கற்பவர்கள் இங்கே உளர். கட்டடத்தை அளக்கவும் கீறவும் அறிந்தவர்கள் உளர். பருத்தித்துறையில் வீதிக்குக் குறுக்கே கூரையிட்டு நிற்கும் தெருமூடிமடம் உண்டு. முற்றத்தைச் சுற்றி விறாந்தை ஓடும் நாற்சார் வீடுகள் சில இன்னும் உண்டு. ஒழுங்கையின் வாயிலில் வழிப்போக்கனுக்கு நிழலும் நீரும் தந்த சங்கடப்படலைகள் அருகிக்கொண்டு வருகின்றன. அவற்றோடு சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் வீதி அகலிக்கும்போது பெயர்க்கப்படுகின்றன. இவற்றைப் பெருங்கட்டடங்கள் அல்ல என்று ஒதுக்குபவர், பெருமை எது என்பதைக் கோட்டை கட்டியவர்களிடமிருந்து கற்றவர். சங்கடப்படலையை எவரும் பெயர்த்த கல்லாற் கட்டவில்லை. எவரையும் வெளியே நிறுத்துவதற்காகவும் கட்டவில்லை. ஆண்டுக்குப் பத்துக் கட்டடங்களை அளந்து, கீறி, வீட்டுக்காரரிடம் கதை கேட்டுக் குறித்துவைத்தாற் போதும். அச்சித்திரங்கள் பல்தேயசின் தகடுகளுக்கு நிகராகச் செம்மையாக இரா. ஆனால் அவை தரையில் நின்ற கண்ணாற் காணப்பட்டவையாக இருக்கும். வீட்டுக்காரனின் பெயரும் கொத்தனின் பெயரும் அவற்றின் கீழே இருக்கும்.

சுவரில் தொங்கும் அந்தச் செதுக்குப் படத்தைக் கழற்றவேண்டாம். அதன் கீழேயுள்ள ‘பழைய யாழ்ப்பாணம்’ என்ற இரு சொற்களை மாத்திரம் கழற்றுங்கள். அவற்றுக்குப் பதிலாக இவ்வாறு எழுதுங்கள்: “போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, இன்று நிற்பதன்று. முற்றுகைப் படையுடன் வந்த மதகுருவின் நூலுக்காக, இவ்வூரைக் காணாத கைகள் அம்ஸ்ரடாமிற் செதுக்கியது, 1672. இம்மதிலின் கற்களை எங்கிருந்து எடுத்தனர் என்பதைப் படம் காட்டவில்லை.” சிறிது நீண்ட வாசகம்தான். ஆனால் இதனை வாசித்துவிட்டு மீண்டும் படத்தை நிமிர்ந்து நோக்குபவன் முதன்முறையாக அதனைக் காண்பான். என் நண்பரையும் அம்முதிய ஆசிரியரையும் அழைத்துச் சென்று, அவ்வாசகத்தோடு அப்படத்தை ஒருமுறை சேர்ந்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம்.